லயத்துப் பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியும்

மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலே வாழும் பிள்ளைகளுக்குச் சமய அறிவும் உடல்நலப் பழக்கமும் ஊட்டும் தொண்டு இக்காலத்திற் பல திறத்தாரால் நடத்தப்பெறுகின்றது. இந்து சமய கலாசார அலுவல்கள் திணைக்களத்தின் ஆதரவு பெற்ற அறநெறிப் பாடசாலைகள் ஞாயிறுதோறும் கோயில் மண்டபங்களிலும் பாடசாலைக் கட்டடங்களிலும் கூடுகின்றன. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு உண்டு. நகரங்களிலிருந்து வருகின்ற சங்கத்தார் ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ வைத்திய முகாம் வைத்து, பற்பசையும் சவர்க்காரமும் வழங்கிச் செல்கின்றனர். இவை யாவும் நற்செயல்களே. நற்செயல் என்று கூறி வாழ்த்திவிட்டால் ஆராய்ச்சி அத்துடன் முடிந்துவிடும். இத்தொண்டு பிள்ளைக்கு எதனைத் தருகின்றது, எவருடைய கடமையை எவர் தலையில் ஏற்றுகின்றது என்பதைச் சற்றே நின்று பார்த்தல் வேண்டும்.

இப்பிள்ளைகள் யாவர்? இவர்களைக் குடிபெயர்ந்த தொழிலாளரின் மக்கள் என்று எழுதுவோர் இன்றும் உளர். ஜேம்ஸ் டெயிலர் என்னும் துரை லூல்கந்துரையிலே தேயிலை பயிரிட்டது 1867ஆம் ஆண்டில். அதற்கு முன்னரே, கோப்பிக் காலத்திலேயே, தமிழகத்து மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் அழைத்துவந்த மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, வழியிற் பலரைப் புதைத்து, இம்மலைகளை வந்தடைந்தனர். அவ்வருகையின் 200 ஆண்டு நிறைவை நினைந்து 2023ஆம் ஆண்டிலே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபவனி ஒன்றும் நிகழ்ந்தது. ஐந்து, ஆறு தலைமுறை கண்ட குடிகளை இன்னும் பெயர்ந்து வந்தோர் என்றல் பொருந்தாது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் எனத் தலையெண்ணிப் பங்கிட்டது. எஞ்சி நின்றோரின் வழக்குத் தீர 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருத்தல் வேண்டியதாயிற்று.

எனினும் வேறொரு பொருளில் அச்சொல் இப்பொழுது மெய்யாகிவிட்டது. தோட்டக் கூலி போதாமையால் தந்தை கொழும்பிலே கடைச் சிப்பந்தி. தாய் மத்திய கிழக்கிலே வீட்டுப் பணிப்பெண். பிள்ளை லயத்திலே பாட்டியுடன். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுடைய தாய் வெளிநாட்டு வீட்டுவேலைக்குச் செல்லலாகாது என்று 2013இல் அரசு விதித்த விதி, நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்த 2022இலே, இரண்டு வயது என்று தளர்த்தப்பட்டது. அந்நியச் செலாவணி வேண்டியபொழுது பிள்ளையின் வயது குறைந்துபோயிற்று! ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் முன்வரிசையிலே அமர்ந்து கைகூப்பி நிற்கும் பிள்ளைகளுட் சிலர் தாயின் முகத்தைக் கைத்தொலைபேசியின் கண்ணாடியிலே மட்டும் காண்பவர்.

தோட்டங்களிலே தொண்டுக் கல்வி புதியதன்று. 1854ஆம் ஆண்டளவிலே கிறித்தவர் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் கோப்பித் தோட்டங்கள்தோறும் உபதேசிமாரை அனுப்பியது. எழுத்தறிந்த தொழிலாளி ஒருவர் மாலை வேளையிலே லயத்துத் திண்ணையிற் பிள்ளைகளைக் கூட்டி அரிச்சுவடி சொல்லிக்கொடுத்த லயப் பள்ளிகளும் இருந்தன. அவ்வாசிரியரின் பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. மாசி மாதத்துக் காமன் கூத்தும், அருச்சுனன் தபசும், பொன்னர் சங்கர் கதையும் விடியவிடியப் பாடிய கலைஞரும் ஒருவகை ஆசிரியரே. 1920இன் கல்விச் சட்டம் தோட்டத்துப் பள்ளியை நிருவாகத்தின் கடமையாக்கியது. அக்கடமை பெரும்பாலும் ஒரு கொட்டில், ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்பு என்ற அளவிலே நின்றது. 1945இல் இலவசக் கல்வி நாடெங்கும் பரவியபொழுது தோட்டத்துப் பிள்ளை அதன் முழுப்பயனையும் பெறவில்லை. அப்பள்ளிகள் அரசின் கைக்கு முழுதாக மாறியது 1970களின் பிற்பகுதிக்குப் பின்னரே. ஆகவே அரசு விட்ட இடத்தைத் தொண்டர் நிரப்பும் வழக்கம் இம்மலைகளில் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்டது. நிரப்புவோர் உளர் என்ற துணிவினாலேயே விட்ட இடம் விட்டபடி கிடந்ததோ என்ற ஐயமும் எமக்கு உண்டு.

உடல்நலப் போதனையின் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. 1916ஆம் ஆண்டிலே அமெரிக்க நாட்டு ரொக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலே கொக்கிப்புழு நோயை ஒழிக்கப் புறப்பட்டனர். அப்புழுவின் குஞ்சு ஈரமண்ணிலே உயிர்வாழ்ந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலினுட் சென்று, குடலிலே தங்கி இரத்தத்தை உறிஞ்சும். நோயுற்றவன் சோகை பிடித்து வெளுத்துச் சோர்ந்திருப்பான். தோட்டத்துரை அவனைச் சோம்பேறி என்பார். வந்தவர்கள் வரிசையாக நிறுத்தி மருந்து கொடுத்தார்கள். புழுவின் இயல்பை விளக்கி விரிவுரையும் நிகழ்த்தினார்கள். மருந்து வேலை செய்தது. புழுக்கள் வெளியேறின. சிலகாலம் சென்றபின் அதே மக்களைச் சோதித்தபொழுது அவை திரும்பவும் வந்திருக்கக் கண்டனர். காரணம் எளிது. மருந்துண்டவன் மறுநாளும் அதே மலைச்சரிவிலேதான் மலங்கழித்தான். அதே சரிவிலேதான் வெறுங்காலோடு கொழுந்து கொய்தான். மலகூடம் கட்டுதற்குத் தோட்ட முதலாளிமார் பணஞ் செலவிட முன்வரவில்லை. மருந்து மலிவு, கட்டடம் அரிது. தொழிலாளியின் அறியாமையே நோய்க்குக் காரணம் என்று சொல்லுவது அதனினும் மலிவு.

கொக்கிப்புழு இன்று பெரிதும் அடங்கிவிட்டது. ஆயினும் அக்கால முறை அடங்கவில்லை. வைத்திய முகாமில் வெள்ளைச்சட்டை அணிந்த மாணவர் படம் வரைந்து காட்டுகின்றார்: கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக, நீரைக் கொதிக்கவைத்துப் பருகுக, கீரையும் முட்டையும் பாலும் உண்க. பிள்ளைகள் ஒரே குரலில் திருப்பிச் சொல்கின்றனர். பத்தடிக்குப் பன்னிரண்டடியான காம்பராவிலே விறகடுப்புப் புகையின் நடுவே ஆறு பேர் உறங்குகின்ற குடும்பத்துக்கு அப்படம் எவ்வளவு பயன்படும்? வறட்சி மாதங்களிலே பீலியில் நூலளவு நீர் ஒழுகும். ஒரு லயத்துக்குப் போதாத மலகூடங்கள் இன்னும் பல தோட்டங்களில் உள்ளன. 2021இலே நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டதை வெற்றியெனக் கொண்டாடினர். 2022 செப்டெம்பரிலோ கொழும்பு விலைச்சுட்டியின்படி உணவின் விலை ஓராண்டுக்குள் ஏறத்தாழ இருமடங்காயிற்று. சம்பளம் பின்னர் உயர்ந்தது. முட்டை அதனினும் முன்னே ஓடியது. காலையிற் கோதுமைமா ரொட்டியும் பாலில்லாத தேநீருமே பிள்ளையின் உணவு. உணவோடு பருகும் தேநீர் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்கவொட்டாது தடுக்கும் என்று மருத்துவ நூலோர் கூறுவர். உலகெங்கும் தேநீர் அனுப்பும் மலையிலே, பிள்ளையின் இரத்தத்தை வெளுக்கச் செய்வதில் அத்தேநீருக்கும் பங்கு உண்டென்றால் இதனை என்னென்பது!

2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நூற்றுக்கு 17.3 பேர், தோட்டப் பகுதியிலோ 31.7 பேர். ஏறத்தாழ மூவருள் ஒருவர். உயரக் குறைவு ஒருநாட் பட்டினியால் வருவதன்று. தாயின் கருவிலே தொடங்கி, முதல் இரண்டாண்டுகளிலே நிலைபெற்று, பின்னர் எத்துணை ஊட்டினும் முழுதும் திருந்தாதது. கருவுற்ற தாய் கொழுந்துக் கூடையைச் சுமந்து மலையேறுகின்றாள். பெற்றபின் சில மாதங்களில் மகவைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுப் பெரட்டுக்கு ஓடுகின்றாள். ஆறு வயதிலே ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு ஊட்டச்சத்துப் பாடம் நடத்தும்பொழுது பாடத்துக்குரிய காலம் நான்காண்டுக்கு முன்னரே கடந்துவிட்டது. எனவே தொண்டர் உண்மையாகவே உடல்நலம் கருதுவாராயின் அவர் செல்லவேண்டிய இடம் முதலிற் பிள்ளைக்காம்பரா. சேரவேண்டியவர் அங்குள்ள ஆயாவும் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தரும் குடும்பநல உத்தியோகத்தரும் ஆவர்.

இவ்வாறு கூறுதலால் சமயமும் சுகாதாரமும் சேர்த்துக் கற்பித்தல் பொருந்தாது என்பது எம் கருத்தன்று. தமிழ் மரபிலே அவை பிரிந்திருந்ததே இல்லை. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் (1822–1879) பிள்ளைகளுக்கென எழுதிய சைவ வினாவிடையிலே நித்திய கருமவியல் என ஒரு பகுதி உண்டு. துயிலெழுதலும் உடற்சுத்தியும் தந்தசுத்தியும் நீராடலும் அங்கே வழிபாட்டின் முதற்படிகளாகவே நிற்கின்றன. அதற்கும் பன்னூறாண்டு முந்திய ஆசாரக்கோவை எச்சில் உமிழலாகாத இடங்களையும் மலசலம் கழிக்கலாகாத இடங்களையும் எண்ணிக் கூறுகின்றது. நீர்த்துறையும் வழியும் நிழலும் பயிர்நிலமும் அவற்றுட் சேரும். திருவள்ளுவர் மருந்துக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். உடம்பை ஓம்புதல் உயிரை ஓம்புதலே எனத் திருமூலர் கண்டார். சுத்தம் என்பதை நோயச்சத்தினின்று மாத்திரம் கற்பவன் நோய் காணாதபொழுது மறப்பான். வழிபாட்டின் உறுப்பாகக் கற்பவன் பழக்கமாகக் கொள்வான். இஃது அநுபவத்திற் கண்டது.

ஆனால் நாவலர் நல்லூரிலே, கிணறும் கேணியும் உள்ள ஊரவர்க்கு எழுதினார். அப்பாடத்தை ஆசிரியர் ஒருவர் தோட்டத்திலே நடத்தி, வைகறையில் நீராடுதலின் சிறப்பை விரித்துரைத்தபொழுது, ஒரு சிறுவன் எழுந்து, "கோடையில பீலி காஞ்சு போயிருது சேர். எங்க போயிக் குளிக்கிறது?" என்றான் எனக் கேள்விப்பட்டோம். வகுப்புச் சிரித்ததாம். சிரிக்கவேண்டிய வினாவன்று அது. ஆசாரக்கோவையின் விதியும் அவ்வாறே: கழிக்கலாகாத இடங்களை விலக்கியபின் கழிக்கத்தக்க இடம் ஒன்று எஞ்சுதல் வேண்டுமன்றோ? லயத்தைச் சூழ நாற்புறமும் தேயிலை. அதாவது நாற்புறமும் விளைநிலம். விதியைப் பிள்ளைக்கும், இடத்தை நிருவாகத்துக்கும் சேர்த்துச் சொல்லாத ஆசாரம் ஏழையைக் குற்றவாளியாக்கும் ஆசாரமாகும்.

இனிச் சமயக் கல்வியை நோக்குவோம். பாடசாலைகளிலே சைவநெறி ஒரு பாடமாகவே உள்ளது. கொழும்பு விவேகானந்த சபை 1902இல் தோன்றியது. அது நடத்தும் சைவசமய பாடப் பரீட்சைக்கு மலைநாட்டுப் பிள்ளைகளும் தோற்றுகின்றனர். பரீட்சை வேண்டியதே. எனினும் வாரத்தில் ஐந்து நாள் பாடசாலையிலே படித்ததை ஆறாம்முறையாக ஞாயிற்றுக்கிழமையும் மனனஞ் செய்வித்தால் அறநெறிப் பாடசாலை மற்றுமொரு ரியூசன் வகுப்பாகும். ரியூசன் வகுப்போடு போட்டியிட்டுத் தோற்கவும் செய்யும். ஐந்தாந்தரப் புலமைப்பரிசிலுக்குப் பிள்ளையை ஞாயிறு காலையிலே அனுப்பும் பெற்றோரை நாம் எவ்வாறு குறைகூறுவோம்? லயத்தைவிட்டு வெளியேற அவர்கள் காணும் வாயில் அது ஒன்றே.

கற்பிக்கப்படும் சமயம் எவருடையது என்பதும் வினாவாகும். பாடநூலிலே நால்வர் வரலாறும், திருமுறையும், யாழ்ப்பாணத்துக் கோயில்களும் உள்ளன. பிள்ளையின் மலையிலோ மாரியம்மன் இருக்கின்றாள். முனியாண்டியும் மதுரைவீரனும் உளர். தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரத்தருகே நின்று கையும் காலும் அதில் அகப்படாமற் காக்கும் ரோதைமுனி உண்டு. கத்தியோடு செடியை வெட்டச் செல்வோர் வணங்கும் கவ்வாத்துச்சாமியும் உண்டு. உலகில் வேறெங்கும் காணப்படாத தெய்வங்கள் இவை. இயந்திரத்துக்கும் கத்திக்கும் அஞ்சி வாழ்ந்த மக்கள், காப்பார் எவரும் இன்மையால், தமக்கெனக் கண்ட காவலர். இவற்றைச் சிறுதெய்வம் என இகழ்ந்து பிள்ளைக்கு உரைக்கும் ஆசிரியர் சிலர் உளர். யாமும் தேவாரம் ஓதி வளர்ந்தவரே. திருமுறைக்கு ஒப்பானது வேறில்லை என்பதே எம் துணிபு. ஆயினும் பாட்டி கும்பிடும் கல்லைப் பழித்துக்கொண்டு பிள்ளைக்குத் திருமுறை கற்பித்தால் அப்பிள்ளை கற்பது பக்தியன்று, தன் குடியைப் பற்றிய நாணமே. அந்நாணம் இம்மக்களுக்கு வேண்டிய அளவு முன்னரே ஊட்டப்பட்டிருக்கின்றது. தோட்டத்துக் கோயிலின் கதையையும், அதனைக் கட்டியவர் வழிநடந்த கதையையும் முதியவர் வாயிலாகக் கேட்டெழுதச் செய்வதே முதற்பாடமாதல் வேண்டும். மலைநாட்டு மக்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்து வெளியிட்ட சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) செய்த வேலை அதுவே; அவர் எழுதாதிருப்பின் அவற்றுட் பல காற்றோடு போயிருக்கும்.

மதமாற்றம் பற்றிய அச்சத்தினாலே தோட்டத்துக்கு விரைகின்ற தொண்டரும் உளர். பால்மா கொடுத்துப் பிள்ளையைப் பிரார்த்தனைக்கு அழைப்பது இழிவு என்பர்; அதே பால்மாவைத் தம் வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு மட்டும் என வரையறுப்பர். எந்தச் சமயத்தார் செய்யினும் பசியை வாயிலில் நிறுத்திப் பெயர் கேட்பது சமயத்துக்கு அழகன்று. வைத்திய முகாமிலேனும் சமயப் பெயர் கேளாதிருத்தல் நன்று.

தொண்டாசிரியர் பற்றி இதுகாறும் யாம் கூறாதது வேண்டுமென்றே. அவர்கள் பெரும்பாலும் தோட்டத்துப் பெண்களே. உயர்தரம் வரை படித்து, பல்கலைக்கழகத்துக்கோ கல்வியியற் கல்லூரிக்கோ இடங்கிடைக்கும் எனக் காத்திருப்பவர்கள். பத்தொன்பது, இருபது வயது. ஞாயிறுதோறும் மூன்று மைல் நடந்து வந்து, ஐந்து வயது முதற் பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளை ஒரே மண்டபத்தில் வைத்துக் கற்பிக்கின்றனர். ஊதியம் இல்லை. ஓராண்டு, இரண்டாண்டு செல்லும். பின்னர்க் கொழும்பு ஆடைத் தொழிற்சாலை அழைக்கும், அல்லது திருமணம். அவள் போனதும் வகுப்பு நின்றுவிடும். அவளைத் தியாகி எனப் போற்றிப் பரிசளிப்பு விழாவிலே பொன்னாடை போர்த்துகின்றனர். அவளுக்குப் பொன்னாடையினும் பேருந்துச் செலவு வேண்டும். ஊதியமில்லாத் தொண்டு பொருளுள்ளவனுக்கு விரதம். பொருளில்லாதவளுக்கு இன்னொரு கூலியில்லாப் பெரட்டு. தோட்டத்தில் இரண்டு தலைமுறைக்கு முன் கைக்காசு என்றால் என்னவென்று அறியாது உழைத்தவரின் பேத்தியிடம் இலவச உழைப்பின் மேன்மையை விரித்துரைத்தல் நமக்குத் தகாது.

ஆயினும் அப்பெண் செய்கின்ற வேலைகளுள் ஒன்று எந்த அறிக்கையிலும் இடம்பெறுவதில்லை. வைத்தியசாலைகளிலும் சிகிச்சை நிலையங்களிலும் தமிழறிந்த உத்தியோகத்தர் போதாமையால், பிள்ளையின் வளர்ச்சி அட்டையில் என்ன எழுதப்பட்டது, மருந்தை எத்தனை வேளை கொடுப்பது என்று அறியாமல் தாயர் திரும்புகின்றனர். 2017 மே மாதத்திலே இந்தியப் பிரதமர் திறந்துவைத்த டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலை 150 கட்டில்களும் நல்ல கட்டடமும் உடையது. கட்டடம் வந்தபின் எஞ்சுவது மொழி. அந்த அட்டையை வாசித்துக் காட்டுபவள், தாயோடு கூடச் செல்பவள், பிறப்புப் பதிவு இல்லாத பிள்ளைக்கு விண்ணப்பம் எழுதுபவள் ஞாயிற்றுக்கிழமை ஆசிரியையே. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையிலே மலைச்சரிவுகள் இடிந்து, கோயில்களிலும் பாடசாலைகளிலும் மக்கள் தஞ்சம் புகுந்த நாட்களிலே, எந்த லயத்தில் எத்தனை பிள்ளைகள், எவருடைய தாய் நாட்டிலில்லை என்று பட்டியலின்றிச் சொல்லக்கூடியவர் இத்தகையோரே ஆவர். உடல்நலத் தொண்டின் உயிர்நிலை இங்கே இருக்கின்றது. பற்பசைப் பொதியில் அன்று.

ஆதலின் பிரதேச செயலகங்களும், திணைக்களமும், தொண்டுச் சங்கங்களும் அடுத்த ஆண்டுக்குத் திட்டம் வகுக்கும்பொழுது சிலவற்றை மாற்றுதல் கூடும். ஒரு நாள் முகாமுக்குச் செலவாகும் வாகன வாடகையையும் பதாகைச் செலவையும் கொண்டு ஓர் ஆசிரியைக்கு ஓராண்டுப் பயணச் செலவு கொடுத்துவிடலாம். அவளுக்குத் தர்மாசிரியர் பரீட்சைக்குரிய பாடத்தோடு, வளர்ச்சி அட்டை வாசிக்கவும், எடையும் உயரமும் அளக்கவும் குடும்பநல உத்தியோகத்தர் வாயிலாகப் பயிற்சி அளிக்கலாம். பிள்ளைகள் சமயப் பாடக் கொப்பியின் கடைசிப் பக்கங்களிலே தத்தம் லயத்துப் பீலியில் நீர் வந்த நாள், வராத நாள், பயன்படக்கூடிய மலகூடங்களின் தொகை ஆகியவற்றை எழுதிவரட்டும். மூன்று மாதத்துக்கொருமுறை அக்கணக்கின் படி ஒன்று பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும், ஒன்று தோட்ட நிருவாகத்துக்கும், ஒன்று பிரதேச சபைக்கும் போகட்டும். பத்து வயதுப் பிள்ளையின் கையெழுத்திலுள்ள கணக்கை எந்த அலுவலகம் பொய்யென்று தள்ளும் என்று பார்ப்போம்.

வகுப்பு நடக்கும் இடத்திலிருந்தே இதனைத் தொடங்கலாம். பல தோட்டக் கோயில் மண்டபங்களிலே மலகூடமும் இல்லை, குழாயும் இல்லை. எட்டு மணிக்கு வரும் சிறுமி பதினொரு மணி வரை அடக்கிக்கொண்டு இருந்து, சுத்தத்தைப் பற்றிய பாடத்தைக் கேட்டு வீடு செல்கின்றாள்.